ஆறு சுற்றுக்கு ஒரு மதில்

மேஜையின் வடக்குப் பக்கம், சுவரை ஒட்டி, நிபின். நெய்யாற்றின்கரையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன். விளையாட்டின் விதிப்புத்தகம் எப்போதும் அவன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும். அவனுக்கு எதிரே, ஜன்னலுக்குக் கீழே, பாறசாலையில் மொபைல் கடை வைத்திருக்கும் ஆதித்யன். மேற்குத் தலைப்பில், அட்டைத் தடுப்புக்குப் பின்னால், கதையை நடத்துகிற ஜிஜி. கிழக்குத் தலைப்பில் நாற்காலி இல்லை. அங்கே ஒரு கட்டில் வந்து ஒரு மாதமாகிறது. அதில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தார் ஜிஜியின் அப்பா சத்தியநேசன், அரசு பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அடுக்களை வாசலில் முறமும் கையுமாக, விளையாட்டில் சேராமலும் அதை விட்டு விலகாமலும், அம்மா சுகிர்தபாய்.

இருபது முகம் கொண்ட பகடை கட்டிலுக்கடியில் உருண்டு போய்விட்டது. ஆதித்யன் தரையில் குப்புறப் படுத்து மொபைல் வெளிச்சத்தில் துழாவிக்கொண்டிருந்தான்.

"தொடாதல! அங்கயே வச்சு நம்பர வாசி" என்று கத்தினார் சத்தியநேசன். கத்தியதாக அவர் நினைத்தார். வெளியே வந்தது முக்கால்வாசி காற்று.

"தரையில விழுந்தது செல்லாது மாமா" என்றான் நிபின்.

"எந்தப் பக்கத்துல எழுதியிருக்கு? காட்டு."

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

"எல்லாருக்கும் தெரிஞ்சதுன்னு ஒரு விதி கெடையாது மக்கா. எழுதியிருக்கா இல்லியா?"

"பதினெட்டு!" என்று கட்டிலுக்கடியிலிருந்து சத்தம் வந்தது.

"கண்டியா!" அவர் உள்ளங்கையால் மெத்தையில் அடித்தார். இருமல் வந்தது. இருமி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் "கண்டியா!" என்றார்.

அந்தப் பதினெட்டில், கதைக்குள் அவர் கேட்ட கல் மதில் எழும்பிவிட்டது.

இந்த விளையாட்டில் ஜெயிப்பது தோற்பது என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒருத்தி கதை சொல்வாள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் இறங்கி, என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். பலிக்குமா என்பதைப் பகடையும் புத்தகமும் முடிவு செய்யும். நிபின் ஒரு வில்லாளி. ஆதித்யன் வாயால் பிழைக்கிற திருடன். சத்தியநேசன் மந்திரவாதி, பெயர் பூதலிங்கம். சபையில் இருபது வருஷம் கமிட்டி மெம்பராக இருந்த மனுஷன் மந்திரவாதியாகி, அதற்குப் பூதலிங்கம் என்று பெயரும் வைத்ததைச் சுகிர்தபாய் இன்றுவரை மன்னிக்கவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் இவர்கள் பகடை உருட்ட, அவள் அடுக்களையில் நின்று கொஞ்சம் உரக்கவே ஜெபம் செய்வாள். ஆனாலும் மந்திரவாதியின் உயிரை எண்ணுவதற்குத் தன் தையல் டப்பாவிலிருந்து பட்டன் எடுத்துக் கொடுத்தவளும் அவள்தான். ஒரு பட்டன் ஓர் உயிர். எல்லாம் தீர்ந்தால் ஆள் செத்தான்.

மூன்று வருஷமாக நடந்த கதை அன்று கடைசி முடுக்குக்கு வந்திருந்தது. மலையிடுக்கில் ஒரு கயிற்றுப் பாலம். ஒரு ஊரே மூட்டை முடிச்சோடு அதில் கடந்துகொண்டிருக்கிறது. பின்னால் தீப்பன்றிகள், முதுகு முழுக்கத் தீ எரிகிற காட்டுப்பன்றிகள். இரண்டுக்கும் நடுவே பூதலிங்கம் எழுப்பிய கல் மதில். அது நிற்கிற ஒவ்வொரு சுற்றுக்கும் மந்திரம் போட்டவன் தன் உயிரில் ஒன்றைக் கொடுக்க வேண்டும். ஊர் பாலம் கடக்க இன்னும் ஆறு சுற்று வேண்டும். பூதலிங்கத்திடம் மிஞ்சியிருந்ததும் ஆறு பட்டன்.

"கணக்கு செரியா இருக்கே" என்றான் ஆதித்யன்.

"எங்க செரி? பன்னி சும்மா நிக்குமா?" என்றாள் ஜிஜி. "மதிலுக்கு மேல சாடி வந்து அப்பாவ இடிக்கும். ஒவ்வொரு இடிக்கும் ஒண்ணோ ரெண்டோ உயிர் போவும். மூணாவது சுற்றுல அப்பாவும் இல்ல, மதிலும் இல்ல."

சத்தியநேசன் தட்டிலிருந்த பட்டன்களைப் பார்த்தார். பிறகு ஆறையும் சேர்த்து மேஜை நடுவே தள்ளிவிட்டார்.

"ஆறு சுற்றுக்கும் இப்பளே குடுத்தாச்சு. எழுதிக்கோ."

"அதெப்பிடி?" நிபின் எழுந்தே விட்டான். "இப்ப குடுத்தா நீங்க இப்பளே சாவணும்!"

"செத்தாச்சு. பூதலிங்கம் செத்தாச்சு. பன்னி வந்து கடிக்க எனக்ககிட்ட ஒண்ணும் பாக்கி இருக்கப்படாது. மதில் நிக்கும்."

"ஒவ்வொரு சுற்றுக்கும் குடுக்கணும்னாக்கும் எழுதியிருக்கு."

"எப்பம் குடுக்கணும்னு எழுதியிருக்கா? அந்தச் சுற்றுலயேதான் குடுக்கணும்னு? சீசன் டிக்கெட்ட மாசம் பொறக்குமுன்ன எடுப்பியா, ஒவ்வொரு நாளும் எடுப்பியா?"

"செத்தவனுக்கு பகடை உருட்ட முறையே கெடையாது மாமா. முறை இல்லாதவன் எப்பிடி மந்திரத்த நிறுத்தி வைப்பான்? சீசன் டிக்கெட் எடுத்த ஆளு செத்தா டிக்கெட் கேன்சல்!"

"எல, இருபத்தெட்டு வருசம் வண்டியில ஏறி எறங்கினவன் நான். செத்த ஒருத்தனுக்க டிக்கெட்ட நான் பரிசோதிச்சதே கெடையாது!"

ஆதித்யன் சிரித்துச் சிரித்து மேஜையில் தலையைச் சாய்த்துவிட்டான். "சாறே, நீங்க சுப்ரீம் கோர்ட்டுக்குப் போங்க!" நிபினுக்கும் சிரிப்பு வந்தது; ஆனால் விடவில்லை. புத்தகத்தை மடமடவென்று புரட்டினான். சத்தியநேசன் வாதத்துக்கு மேல் வாதம் அடுக்கினார். முகத்தில் ஒரு வாரமாக இல்லாத ரத்தம் ஏறியிருந்தது. மதில் ஒரு பொருளா, செயலா? பொருள் என்றால் செய்தவன் செத்தாலும் நிற்கும். "எனக்க அப்பன் கெட்டின கெணறு அவரு செத்த அன்னைக்கா தூந்து போச்சு?" செயல் என்றால் மூச்சு விடுகிற மாதிரி, விடுகிறவன் இல்லாமல் அது இல்லை. இது நிபின். ஜிஜி இரண்டு பக்கத்தையும் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தாள். மூன்று வருஷத்தில் இவ்வளவு நல்ல சண்டை வந்ததில்லை.

"வெளையாட்டுலயாவது சாவாம இருக்கப்படாதா உங்களுக்கு?"

சுகிர்தபாய்தான். முறத்திலிருந்து தலை நிமிரவில்லை.

ஆதித்யன் பகடையைக் கையில் எடுத்து, எதற்கென்று தெரியாமல், கீழே வைத்தான்.

"டெனிலுக்கு எழுதலாம்" என்றாள் ஜிஜி.

அந்த மேஜையின் வழக்கம் அது. டெனில் கோட்டுகால் ஊர்க்காரன். விதிப்புத்தகமே அவன் வாங்கி வந்ததுதான். இரண்டு வருஷம் முன்பு துறவு மடத்தில் சேர்ந்து வடக்கே மலைமேல் போய்விட்டான். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அங்கே போன் கிடையாது. கடிதம் மட்டும் உண்டு. தீராத தகராறு எதுவானாலும் இரண்டு பக்க நியாயத்தையும் எழுதி அவனுக்கு அனுப்ப வேண்டும், அவன் சொல்வதே முடிவு என்று ஏற்படுத்தியவர் சத்தியநேசன்தான். 'பன்றிக்கு நீந்தத் தெரியும். உங்கள் எல்லோருக்கும் சமாதானம் உண்டாவதாக' என்ற மாதிரி பதில் வரும். பதில் வரும்வரை கதை நின்ற இடத்திலேயே நிற்கும்.

"லெட்டரு போயி பதிலு வர எத்தன நாளாவும்?" என்று கேட்டார் சத்தியநேசன்.

"பத்து... பன்னெண்டு" என்ற ஆதித்யன், சொன்ன பிறகு ஜன்னலைப் பார்த்தான்.

"அது வர பன்னியெல்லாம் கால்மாத்தி கால்மாத்தி நிக்கணும்." அவரே சிரித்தார். பிறகு மகளைப் பார்த்தார். "கதைய நடத்துது நீயா அவனா மக்கா? நீ சொல்லு. நிக்குமா நிக்காதா?"

நிற்காது என்றால் ஊரோடு எல்லோரும் போனார்கள். நிற்கும் என்றால் பூதலிங்கம் போனார். எதைச் சொன்னாலும் அப்பாவின் கையில் பட்டன் இருக்காது. ஜிஜி தடுப்பு அட்டையை நேராக்கினாள். நேராகத்தான் இருந்தது.

"உச்சைக் கஞ்சிக்குப் பெறகு சொல்லுதேன். யோசிக்கணும்."

"ஓ, யோசி. பாவம் பாத்து ஒண்ணும் சொல்லப்படாது, கேட்டியா? விதிப்படி சொல்லணும்."

அன்று அவர் வழக்கத்தைவிட இரண்டு கரண்டி கஞ்சி கூடக் குடித்தார். பையன்கள் வெளியே மாமரத்தடியில் நின்று சண்டையைத் தொடர்ந்தார்கள். அவர் கண்மூடிக் கிடக்க, ஜிஜி கட்டிலோரம் உட்கார்ந்து, மந்திரங்களின் அத்தியாயத்தை முதலிலிருந்து வாசித்தாள். மழை மந்திரம், பூட்டு மந்திரம், மிருகங்களோடு பேசுகிற மந்திரம். ஒன்றையும் விடவில்லை. விரலை வரிக்கு வரி வைத்து நகர்த்தினாள்.

விளக்கு மந்திரத்தில் அது இருந்தது. மூன்று இரவுக்கான உயிரை முதல் இரவே கொடுத்துவிட்டு மந்திரவாதி வேறு தேசம் போகலாம், விளக்கு எரியும். முன்கூட்டிக் கொடுக்கலாம்! நிபினின் பாதி வாதம் போயிற்று.

"அப்பா, கிட்டியாச்சு! விளக்கு மந்திரத்துல இருக்கு. இஞ்ச பாருங்க..."

புத்தகத்தை அவர் முகத்துக்கு நேராகத் திருப்பிப் பிடித்தாள். அவர் கண் திறக்கவில்லை. அம்மா கட்டன்சாயாவோடு வந்து பின்னால் நின்றாள். கிளாஸை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். புத்தகத்தை மகள் கையிலிருந்து மெதுவாக எடுத்து மூடினாள். பிறகுதான் கட்டிலில் உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை, அடக்கத்துக்கு யாரை எல்லாம் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று ஜிஜி போனைக் கையில் எடுத்தபோது, வாசலில் ஒரு மினி லாரி பின்பக்கமாக வந்து நின்றது. பந்தல் கடை ஜிஜோ. இறங்கியவன் ஒன்றும் கேட்காமல் தார்ப்பாயை விரித்தான்.

"ஜிஜோ, நாங்க இன்னும் ஒண்ணும் பறையல்லியே."

"உங்க அப்பா சாறு பறஞ்சாச்சு அக்கா. போன மாசமே போன்ல விளிச்சாரு. தார்ப்பாயும் கசேரியும், மூணாம் நாளு ஜெபம் முடியுது வர. பைசாவும் அப்பளே குடுத்தாச்சு." அவன் தலையைச் சொறிந்தான். "தெக்குப் பக்கம் வெயிலு அடிக்கும், ஒரு தார்ப்பாய் கூட கெட்டணும்னும் பறஞ்சாரு."

கொஞ்ச நேரத்தில் சாயாக்காரர் அடுப்போடு வந்தார். அவருக்கும் சொல்லியாகிவிட்டதாம். சபையிலிருந்து குழி வெட்டுகிறவர்களும் அப்படியே. எந்தப் பாட்டு வேண்டும் என்று ஜிஜி சொல்லப் போனபோது, பாடகர் குழுத் தலைவர், அப்பா எழுதிக் கொடுத்த சீட்டு இருந்த சட்டைப்பையைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். உடனே சிரிப்பை விழுங்கினார். ஜிஜி போனைக் கையில் வைத்துக்கொண்டு, கூப்பிட ஆளில்லாமல் நின்றாள்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நிபினும் ஆதித்யனும் அவளைப் பிடித்தார்கள். நிபினின் கண் வீங்கியிருந்தது.

"ஜிஜி, எனக்க வாதத்த நான் திரும்ப எடுக்கேன். மதில் நிக்கட்டு."

"என்னத்துக்கு?"

"என்னத்துக்குன்னா... மாமா..."

"பாவம் பாத்து பாஸ் குடுக்கியா? அப்பா அதக் கிழிச்சு உனக்க கையில தருவாரு. உனக்க வாதம் செரியா தப்பா? அத சொல்லு."

அப்போது ஜிஜோ இரண்டு கையிலும் நாற்காலி அடுக்கோடு அவர்களைத் தாண்டிப் போனான். நிபின் அந்த நாற்காலிகளைப் பார்த்தான். போகிறவனையே பார்த்தான்.

"ஜிஜி! செத்தவனுக்கு முறை இல்லன்னு பறஞ்சேன். பாரு! நேத்து செத்த மனுசன் இன்னைக்கு பந்தல் கெட்டுதாரு!"

"மெள்ளப் பேசு."

"முறை வேண்டாம் ஜிஜி. முறைக்கு முன்ன குடுத்தாப் போதும்!"

ஜிஜிக்கும் முகம் சூடானது. ஆனால் விடவில்லை. "கசேரி கொண்டு வந்தது ஜிஜோ. அவன் உயிரோட உண்டு. அவன் வரல்லன்னா? மதில யாரு கொண்டு வருவா?"

"மதில யாரும் கொண்டு வராண்டாமே! அது ஏற்கெனவே நிக்குது. அத எடுக்கத்தான் காரணம் வேணும். எடுக்க விதி எங்க இருக்கு? எழுதியிருக்கா?"

மாமாவின் வாதத்தை மாமாவின் குரலிலேயே சொல்லிவிட்டோம் என்று நிபினுக்குத் தெரிந்த மாதிரி இருந்தது. வாயை மூடினான். ஆதித்யன் இடையில் புகுந்தான். "அப்ப ஆறு சுற்று எதுக்கு? எப்பளும் நிக்கட்டு. சாறுக்க மதில். கதையில யாரு அந்த வழி வந்தாலும் அது அங்க உண்டு."

"எப்பளும் எப்பிடி? ஆறுக்குத்தானே குடுத்தாரு" என்றாள் ஜிஜி.

"ஏன் நிக்கப்படாது?"

"நிக்கணும்னு விதி உண்டா?"

மூவரும் கையை ஆட்டி ஆட்டி, சத்தம் எழும்பாமல் கத்தினார்கள். பாத்திரம் கழுவ வந்த அம்மிணிச் சித்தி நின்றுவிட்டாள். "அடப்பாவிகளா! அண்ணன மண்ணுக்குக் கூடக் கொண்டு போவல்ல. அதுக்குள்ள மதிலுக்குச் சண்டையா? எல நிபினே, உங்க வீட்டு எல்லைமதில் காரியமெல்லாம் பெறகு பேசப்படாதா?"

ஆதித்யன் முகத்தைக் கையால் பொத்திக்கொண்டு தொட்டிக்கு அந்தப் பக்கம் போனான். சிரிக்கிறானா அழுகிறானா என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

அடக்கம் முடிந்தது. மூன்றாம் நாள் ஜெபமும் முடிந்தது. வெயில் சாய்ந்த நேரம், சொன்னபடி ஜிஜோ லாரியோடு வந்தான். கயிற்றை அவிழ்க்கப் போனவன், நாற்காலி ஒன்றில் தனியாக உட்கார்ந்திருந்த சுகிர்தபாயைப் பார்த்து நின்றுவிட்டான்.

"இன்னும் ஒரு நாளு கெடக்கட்டே ஜிஜோ" என்றாள் அவள். "ஆளு ஆராவது வந்தா இருக்கணுமே."

"அதுக்கென்ன மாமி? கெடக்கட்டு. சாறுக்க வீடுதானே. ஒரு வாரம் வேணும்னாலும் கெடக்கட்டு."

வாசற்படியில் நின்ற ஜிஜிக்கு, ஆமாம் கிடக்கட்டும் என்பதுதான் நாக்கு நுனிவரை வந்தது. தார்ப்பாய்க்குக் கீழே இன்னும் அந்த மூன்று நாளின் நிழல் இருந்தது. தெற்குப் பக்கத்துக் கூடுதல் தார்ப்பாய் காற்றில் ஊதி ஊதி அடங்கிற்று.

"வேண்டாம் ஜிஜோ" என்றாள். "பறஞ்சது இன்னைக்கு வரதான். எடுத்துக்கோ."

அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எழுந்தாள். தான் இருந்த நாற்காலியைத் தானே மடக்கி லாரிப் பக்கம் கொண்டுபோனாள். தார்ப்பாய் இறங்கியதும் முற்றத்தில் வெளிச்சம் ஒரேயடியாக வந்து விழுந்தது.

அடுத்த நாள் காலை ஜிஜி மேஜையில் உட்கார்ந்து டெனிலுக்கு எழுதினாள். தகராறு என்ன, யார் பக்கம் என்ன நியாயம் என்று வழக்கம்போல வரிசையாக எழுதினாள். விளக்கு மந்திரத்தின் பக்க எண்ணைக் குறித்தாள். நிபின் தன் வாதத்தை மாற்றிக்கொண்டதையும், அது இரக்கத்தால் அல்ல என்பதையும் தனிப் பத்தியாக எழுதினாள். 'இதற்கு உன் முடிவைக் கேட்கவில்லை. மேஜையிலேயே தீர்ப்பாகிவிட்டது. உனக்குத் தெரிவிக்க மட்டும் எழுதுகிறேன்' என்று ஆரம்பித்து, தீர்ப்பை எழுதினாள்:

'முன்கூட்டிக் கொடுத்தது செல்லும். கொடுத்தவர் இறந்தாலும் கல் மதில் ஆறு சுற்று நிற்கும். தீப்பன்றிகளால் அதைத் தொட முடியாது. ஆறாவது சுற்று முடிந்ததும் மதில் விழும். ஏழாவது சுற்றுக்கு அதை நிறுத்தி வைக்க, கதை நடத்துகிறவள் உட்பட, யாருக்கும் அதிகாரம் இல்லை.'

அப்பா இறந்த செய்தியைக் கடைசியில் ஒரே வரியாக எழுதினாள். அதற்குக் கீழே என்ன எழுதுவது என்று பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

உறையில் பசை இல்லை. கோந்துக் குப்பி காய்ந்து கிடந்தது. அவள் இழுப்பறைகளைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டு அம்மா அடுக்களையிலிருந்து வந்தாள். மூன்று நாளாகப் பக்கத்து வீடுகளிலிருந்து வந்த கஞ்சிதான். அன்று காலைதான் வீட்டு அடுப்பில் அரிசி வேகிறது. அவள் விரல் நுனியில் நாலு பருக்கை இருந்தது. ஆவி போகவில்லை.

"இஞ்ச தா."

உறையை வாங்கி, பருக்கைகளை மடிப்பின் ஓரமாக வைத்து நசுக்கித் தேய்த்தாள். மடித்தாள். கட்டைவிரலால் அழுத்தினாள்.

"அந்த ஊரு ஆளுகளெல்லாம் பாலம் கடந்தாச்சா?" என்று கேட்டாள்.

"கடந்தாச்சும்மா. எல்லாரும்."

"பிள்ளகளும்?"

"பிள்ளகளும்."

அம்மா தலையாட்டினாள். உறை ஒட்டிக்கொண்ட பிறகும் விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டிருந்தாள். அடுப்பில் சோறு பொங்கித் தணலில் வழிகிற சத்தம் கேட்டதும் எடுத்தாள்.

உதியன்குளங்கரை சந்திப்புக்கு ஜிஜி நடந்தே போனாள். தபால்காரர் அப்போதுதான் பெட்டியைத் திறந்து கடிதங்களை வாரிப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் பையின் வாயை அகல விரித்துப் பிடித்தார். ஜிஜி உறையை உள்ளே போட்டாள். அவர் கயிற்றை இழுத்துக் கட்டி, பையை ஸ்கூட்டரின் முன்னால் வைத்து, நெய்யாற்றின்கரைப் பக்கம் கிளம்பினார். மடிப்பில் சோறு இன்னும் காய்ந்திருக்காது.